பன்றி முடியும் பேட்ஜர் முடியும் கலந்த ஷேவிங் பிரஷ்: என் அனுபவம்

கலப்பு முடி ஷேவிங் பிரஷை முதல் ஷேவிங்கில் எடைபோடக் கூடாது. ஒரே கொத்துக்குள் இரண்டு விலங்குகளின் முடி இருக்கிறது. அதில் ஒன்று வாங்கிய அன்றே வேலைக்குத் தயார். இன்னொன்று பழகிவர வாரக்கணக்கில் ஆகும். நான் வாங்கியது பன்றி முடியும் பேட்ஜர் முடியும் கலந்தது. சில மாதங்களாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். இப்படி ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு முகத்தைக் குத்துகிறதே என்று அலமாரியில் தூக்கிப்போட்டவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற பிரஷும் சலூனில் இருக்கிற பிரஷும் பெரும்பாலும் நைலான்தான். விலங்கு முடி என்று போனால் பன்றி, பேட்ஜர், குதிரை என மூன்று. பன்றி முடி தடித்தது, விறைப்பானது. அடியில் தடிமனாக ஆரம்பித்து நுனிவரை மெலிந்துகொண்டே போகும். நுனி இரண்டாக, மூன்றாகப் பிளந்திருக்கும். பேட்ஜர் முடியின் வடிவமே வேறு. அடியில் மெல்லிசு, நடுவுக்கு மேலே கொஞ்சம் பருமன், அப்புறம் நுனி ஊசிபோல முடிந்துவிடும். நுனியில் வெளிர் நிறம், அதற்குக் கீழே ஒரு கருப்புப் பட்டை, அடியில் மறுபடி வெளிர் நிறம். பேட்ஜர் என்பது ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் வளை தோண்டி வாழும், முகத்தில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட விலங்கு. பிரிட்டனில் உரிமம் இல்லாமல் அதைக் கொல்வதைச் சட்டம் தடுக்கிறது. பிரஷுக்கு வருகிற முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது.

இந்த இரண்டு முடியும் தண்ணீரிடம் நடந்துகொள்ளும் விதம்தான் முக்கியம். பன்றி முடி தண்ணீரை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு தானே மென்மையாகிறது. அதற்கு நேரம் வேண்டும். பேட்ஜர் முடி பெரிதாக ஊறுவதில்லை. முடிக்கும் முடிக்கும் நடுவில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, அது நொடியில் நடந்துவிடும். கலப்பு பிரஷில் நமக்கு வரும் எல்லாத் தொல்லைக்கும், பின்னால் கிடைக்கும் எல்லாச் சுகத்துக்கும் காரணம் இந்த வித்தியாசம்தான்.

இத்தாலியில் ஒமேகா, போர்ச்சுகலில் செமோக் போன்ற கம்பெனிகள் பன்றியும் பேட்ஜரும் கலந்த பிரஷ்களைச் செய்கின்றன. குதிரை முடியோடு பேட்ஜரைக் கலக்கும் கம்பெனிகளும் உண்டு. கலப்பதன் நோக்கம் எளிது. பன்றி முடியின் விறைப்பு கட்டி சோப்பைச் சுரண்டி எடுக்கும். பேட்ஜர் முடி தண்ணீரையும் நுரையையும் பிடித்துவைக்கும், தோலுக்கு இதமாகவும் இருக்கும். விலையும் முழு பேட்ஜர் பிரஷைவிடக் குறைவாக வரும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வெறும் பன்றி முடிக்கு நடுவில் கருப்புச் சாயம் போட்டு, பேட்ஜர் போலத் தெரியும்படி செய்த பிரஷ்களும் கடையில் உண்டு. கம்பெனிகள் அதை மறைப்பதில்லை, ஆனால் இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. என் பிரஷ் வந்ததும் வெயிலில் கொண்டுபோய், ஸ்டாம்ப் பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். கோரைபோல நிமிர்ந்த தடித்த மஞ்சள் நிற முடிகள், அவற்றின் நடுவே பாதித் தடிமன்கூட இல்லாத, பட்டை போட்ட முடிகள். பட்டை எல்லா முடியிலும் ஒரே உயரத்தில் இல்லை. சிலவற்றில் மேலே, சிலவற்றில் கொஞ்சம் கீழே, ஓரம் மங்கலாகக் கலைந்து தெரிந்தது. இயற்கையான பட்டை அப்படித்தான் இருக்கும். கோடு போட்டதுபோல எல்லா முடியிலும் ஒரே மட்டத்தில் பட்டை இருந்து, பட்டை இருக்கிற முடியும் இல்லாத முடியும் ஒரே தடிமனாக இருந்தால் அது சாயம் போட்ட பன்றி முடி.

கைப்பிடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைக்கு அடக்கமாக இருக்கிறது, ஈரக் கையில் வழுக்குவதில்லை.

பிரஷைத் தண்ணீரில் நனைத்ததும் வாடை கிளம்பியது. மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏங்க, பாத்ரூம்ல என்ன ஆட்டுப்பட்டி வாடை அடிக்குது?" புதிய பிரஷில் இது சகஜம். முடியை வெந்நீரில் போட்டு அவிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். கொதிநீர் முடியையும் கெடுக்கும், கொத்தை அடியில் பிடித்திருக்கும் பசையையும் இளக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சாதாரண ஷாம்பு ஒரு பொட்டலம் போட்டு உள்ளங்கையில் குழைத்து அலசுங்கள். அப்புறம் ஷேவிங் சோப்பை நன்றாக நுரைத்து, அந்த நுரையோடேயே ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கழுவுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் வாடை அடங்கிவிடும். வாசனைத் திரவியம் எதையும் தெளிக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முடி உதிர்ந்து நுரையில் வரும், பயப்பட வேண்டாம். வாரங்கள் கழிந்தும் கொத்தாக உதிர்ந்தால் பசை சரியில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாடைக்கு அடுத்து அவள் கேட்டது நியாயமான கேள்வி. "மிருகத்து முடியாச்சே, மூஞ்சில தேச்சா சீக்கு கீக்கு வராதா?" ஒரு காலத்தில் வந்திருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் முடி வரத்துப் பாதைகள் குலைந்துபோய், ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியில் பேட்ஜர் போலத் தோன்றும் மலிவு பிரஷ்கள் செய்யப்பட்டன. சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அந்த முடி வழியாக அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவ வீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் பரவியது. நம் ஊரில் மாட்டுக்கு வரும் அடைப்பான் என்கிறோமே, அதே நோய். பிளேடு கீறிய இடம் வழியாகக் கிருமி உடம்புக்குள் போனது. குதிரை முடி பிரஷுக்குக் கெட்ட பெயர் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பிறகு முடியைக் கிருமிநீக்கம் செய்வதற்கு விதிமுறைகள் வந்தன. பெயர் தெரிந்த கம்பெனியின் புதிய பிரஷ் பற்றி இந்தப் பயம் வேண்டாம். ஆனால் பழம்பொருள் கடையில் கிடைக்கும் நூறு வருஷத்து பிரஷை அழகாக இருக்கிறது என்று வாங்கி முகத்தில் போடாதீர்கள். ஆந்த்ராக்ஸ் வித்து பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது, சாதாரணமாகக் கழுவினால் சாகாது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி முகத்துக்கு வருவோம்.

முதல் நாள் பிரஷை முகத்தில் வைத்தபோது இரண்டு விதமான உணர்வு ஒன்றாக வந்தது. லேசாகத் தொட்டால் பட்டு. கொஞ்சம் அழுத்தினால் உள்ளேயிருந்து ஒரு விறைப்பு எழுந்து தாடை எலும்பின் மேல் சுருக்சுருக்கென்று குத்துகிறது. கழுத்தில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. நுரை மளமளவென்று எழுந்தது. ஆனால் ஒரு தடவை மழித்து முடித்து, இரண்டாம் தடவைக்குப் பூசப் போனால் கொத்துக்குள் நுரையைக் காணோம். வெளியே காய்ந்த பொருக்கு, உள்ளே ஒன்றுமில்லை.

காரணம் புரிந்ததும் சரிசெய்வது சுலபமாக இருந்தது. நன்றாக ஊறாத பன்றி முடி நுரையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. பேட்ஜர் முடி பிடித்துவைத்த தண்ணீர் பக்கத்தில் இருக்கிற பன்றி முடிக்குப் போய்விடுகிறது. அதனால் சோப்பை எடுப்பதற்கு முன்பே பன்றி முடியின் தாகம் தீர்ந்திருக்க வேண்டும். பிரஷை வெதுவெதுப்பான தண்ணீரில், முடி மட்டும் மூழ்கும்படி, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கிறேன். மரக் கைப்பிடி என்றால் தண்ணீர் கைப்பிடியைத் தொடக் கூடாது, வெடித்துவிடும். முழு பேட்ஜர் பிரஷுக்கு இவ்வளவு ஊறல் தேவையில்லை, நனைத்தாலே போதும். கலப்பு பிரஷை பேட்ஜர் மாதிரி நடத்தக் கூடாது, பன்றி முடி பிரஷாக நினைத்துத்தான் ஊறவைக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டதிலேயே உருப்படியான பாடம் இதுதான்.

ஊறிய பிறகு தண்ணீரை என்ன செய்வது? இங்கே பேட்ஜரை நினைவில் வைக்க வேண்டும். அது நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்படியே சோப்பில் வைத்தால் முதலில் சோப்புத் தண்ணீர்தான் ஓடும். கொத்தை ஒரு முறை மென்மையாகப் பிழிந்து, இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் சோப்பில் வைக்கிறேன். முறுக்கிப் பிழியக் கூடாது, அடியில் முடி முறியும். சோப்பின் மேல் சுற்றச் சுற்ற முதலில் பெரிய பெரிய குமிழியாக வரும். தொடர்ந்து சுற்றினால் குமிழி சிறுத்துப் பசைபோலக் கனத்த கூழாகும். அதற்குப் பிறகு விரல் நுனியால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து முகத்திலேயே குழைக்கிறேன். நுரைக்கு ஒரு பளபளப்பு வரும். மயிரிழை அளவு குமிழிகூடக் கண்ணுக்குத் தெரியாது. விரலால் வழித்தால் அடியில் தோல் வழுவழுவென்று இருக்கும். அந்தப் பதம் வந்துவிட்டால் பிளேடு தடங்கல் இல்லாமல் ஓடும். பதம் வரும் முன்பே அவசரப்பட்டால் எவ்வளவு நல்ல பிளேடும் தோலை இழுக்கும்.

குளித்து முடித்த பின் ஷேவ் செய்யுங்கள், தாடி மென்மையாக இருக்கும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். நம் வீடுகளில் அது நடக்காது. சவரம் செய்தால் அப்புறம் குளித்துவிட்டுத்தான் மற்ற வேலை, பல வீடுகளில் தலைக்கே ஊற்றிக்கொள்ள வேண்டும். சவரத்துக்காக இரண்டு குளியல் யாராலும் முடியாது. அதனால்தான் நமக்கு பிரஷ் அதிகம் தேவை என்று நினைக்கிறேன். தாடி முடி தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அதை வெட்டத் தேவைப்படும் விசை நன்றாகக் குறைந்துவிடும். டப்பாவை அமுக்கினால் வருகிற ரெடிமேட் நுரையைத் தடவி உடனே மழிக்கும்போது இந்த ஊறல் கிடைப்பதில்லை. பிரஷ் வைத்துக் குழைக்கிற நேரம் முழுவதும் தாடி ஈரத்தில் இருக்கிறது, படுத்திருக்கும் முடியையும் அது நிமிர்த்துகிறது. வெந்நீரில் நனைத்த துண்டை ஒரு நிமிடம் முகத்தில் வைத்துவிட்டு, அப்புறம் பிரஷால் நிதானமாகக் குழைத்தால், குளிக்காமலே குளித்த பலன் கிடைக்கும்.

சென்னையில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், அது போர் தண்ணீர். எங்கள் வீட்டுக் குழாயில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிற தண்ணீர்தான் வருகிறது. அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்குப் படலமாகிவிடும். சோப்பின் ஒரு பங்கு நுரையாகாமலே வீணாகிறது. கோயம்புத்தூரில் மைத்துனர் வீட்டுக்குப் போனபோது இதே பிரஷ், இதே சோப்பு, ஆனால் சிறுவாணித் தண்ணீர். பாதி சோப்புக்கே நுரை கிண்ணத்தை விட்டு வழிந்தது. அதுவரை பிரஷின் குணம் என்று நான் நினைத்ததில் ஒரு பாதி தண்ணீரின் குணம் என்று அங்கேதான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பியதிலிருந்து, நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரைச் சூடாக்கி எடுத்துக்கொள்கிறேன். முகம் கழுவக் குழாய்த் தண்ணீர் போதும். புது பிரஷ் நுரைக்கவில்லை என்று குறை சொல்லும் முன் ஒரு முறை நல்ல தண்ணீரில் முயன்று பாருங்கள்.

கடினத் தண்ணீரில் இன்னொரு கெடுதலும் உண்டு. அந்தப் படலம் கொத்தின் அடியில் போய்ப் படிந்து இறுகும். முடி அந்த இடத்தில் வளையாமல் முறிய ஆரம்பிக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டு, அதில் சிறிது நேரம் பிரஷை ஆட்டி எடுத்து நன்றாக அலசிவிடுகிறேன். பேட்ஜர் முடியின் பட்டை பளிச்சென்று தெரியும், கொத்தும் மறுபடி மலர்ந்து நிற்கும்.

பன்றி முடி பழகுவது எப்படி நடக்கிறது என்பதையும் லென்ஸில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆரம்பத்தில் நுனியில் சிறிதாக இருந்த பிளவு போகப் போக ஆழமாகிறது, ஒரு முடி நான்கைந்து இழைகளாகப் பிரிந்துவிடுகிறது. முகத்தில் குத்திய தடித்த நுனி இப்போது மெல்லிய இழைகளின் கொத்து. பேட்ஜர் முடியில் இப்படி எதுவும் நடக்கவில்லை, வந்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது. அதாவது பிரஷின் மென்மை கூடிக்கொண்டே வருவதற்கு முழுக் காரணம் பன்றி முடிதான். அதில் விறைப்பு முழுதும் போய்விடவும் இல்லை. தண்டு அதே தடிமனில் நிற்கிறது, நுனி மட்டும்தான் மாறியிருக்கிறது. இப்போது கழுத்தில் வட்டமாகச் சுற்றினாலும் குத்தல் இல்லை, சோப்பில் வைத்து அழுத்தினால் கொத்து துவண்டுபோவதும் இல்லை. இந்த நிலைக்காகத்தான் கலப்பு பிரஷை வாங்க வேண்டும் என்பது என் கருத்து. பழகும் காலத்தைக் குறைக்க வேண்டுமானால் ஷேவ் செய்யாத நாளிலும் மாலையில் உள்ளங்கையில் நுரைத்துக் கழுவி வையுங்கள். முடி நனைந்து காய்வதுதான் அதைப் பிளக்கிறது, கத்தரிக்கோல் வைத்து நுனியை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

எங்கள் தெரு சலூன் தம்பியிடம் ஒரு நாள் பிரஷைக் காட்டினேன். வாங்கி மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தான். "அண்ணே, நல்லா நிக்குது, ஆனா எனக்கு ஒத்துவராது. ஒரு ஆளுக்குப் போட்டா அடுத்த ஆளு வர்றதுக்குள்ள காயணுமே" என்றான். சரியாகச் சொன்னான். பன்றி முடி உள்ளுக்குள் குடித்த தண்ணீரை வெளியே விட ஒரு நாளாவது ஆகும். பலரின் முகத்தைத் தொடுகிற இடத்தில் சீக்கிரம் கழுவி, சீக்கிரம் காய்கிற நைலான்தான் சரி. வீட்டிலும் தினமும் ஷேவ் செய்பவர்கள் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. செவ்வாய், வெள்ளி சவரம் பண்ணாத வீடுகளில் பிரஷுக்கு அதுவாகவே ஓய்வு கிடைத்துவிடுகிறது.

காயவைப்பதில் நுனி கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டுமா, நிமிர்த்தி வைக்கலாமா என்று நீண்ட விவாதமே உண்டு. எனக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. முக்கியம் காற்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குளியலறைக்குள் வைத்தால் மறுநாள் காலையிலும் கொத்தின் நடுவில் ஈரம் தொடுகிறது. மழைக்காலம் முழுவதும் ஹாலில் ஃபேன் காற்று படும் அலமாரியில் வைத்தேன். கழுவி, உதறி, துண்டின் மேல் முன்னும் பின்னுமாக நான்கு இழுப்பு இழுத்து வைத்தால் போதும். ஈரத்தோடு மூடி போட்ட டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பயணத்துக்கு எடுத்துப்போனால் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக வெளியே எடுத்து வையுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு. கொத்தின் விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் என்பது நம் முகத்துக்கும் கைக்கும் வசதியான அளவு. அதைவிடப் பெரிதென்றால் நுரை மூக்குக்குள் ஏறும், சோப்பும் அதிகம் செலவாகும். முடியின் உயரத்தையும் கேளுங்கள், 50 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் விறைப்பும் வளைவும் சமமாக இருக்கும். விற்பவரிடம் எது எவ்வளவு பங்கு என்று விசாரியுங்கள். பேட்ஜர் பங்கு கூடினால் ஊறும் நேரமும் பழகும் காலமும் குறையும், கட்டி சோப்பில் வேகமும் குறையும். டியூப் கிரீம் மட்டும் போடுகிறவருக்குப் பன்றி முடியின் விறைப்பு அவ்வளவு அவசியமில்லை. முகப்பரு இருப்பவர்கள், ஷேவிங்குக்குப் பிறகு தோல் சிவந்து எரிகிறவர்கள் முதல் வாரங்களில் இதை வட்டமாகச் சுற்ற வேண்டாம், சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போல மேலும் கீழுமாக மட்டும் பூசுங்கள்.

பன்றி முடி தங்கள் மதத்துக்கு ஆகாது என்பவர்களும், எந்த விலங்கின் முடியும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினருக்குக் குதிரையும் பேட்ஜரும் கலந்த பிரஷ் பொருந்தலாம், அவரவர் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். இரண்டாம் வகையினர் நேராக செயற்கை இழைக்குப் போகலாம். இன்றைக்கு வருகிற நல்ல செயற்கை இழை பிரஷ்கள் பழைய நைலான் மாதிரி இல்லை, மிக மென்மையானவை. ஊறவைக்க வேண்டாம், வாடை கிடையாது, சீக்கிரம் காய்ந்துவிடும். என் தம்பி விலங்கு முடியே வேண்டாம் என்றான், அவனுக்கு நான் அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.